ஒரே கணினியில் பல பைதான் பதிப்புகள்: எதையும் உடைக்காமல் ஓட்டும் வழி

"தமிழ்" என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்கும் ஒரு சின்ன நிரலை (ஸ்கிரிப்ட்) எழுதி, பைதான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்பில் ஓட்டினால் 15 என்று வரும். அதே கோப்பை பைதான் 3-இல் ஓட்டினால் 5. நாம் கண்ணால் எண்ணினால் மூன்று எழுத்துதான். 2.7 பைட்டுகளை எண்ணுகிறது, யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். பைதான் 3 யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது, அதாவது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு வரி இருந்துவிட்டால் இரண்டு பதிப்பும் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. அமைதியாக வேறு வேறு விடை தந்துவிட்டுப் போய்விடும். வகுத்தலும் இப்படித்தான்: 7-ஐ 2-ஆல் வகுத்தால் 2.7-இல் 3, பைதான் 3-இல் 3.5.

பிழை காட்டி நின்றுவிடும் ஸ்கிரிப்ட்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அதைச் சரிசெய்துவிடலாம். தவறான பதிப்பில் ஓடி, தவறான எண்ணைக் கொடுத்து, அதை நாம் நம்பி யாருக்கோ அனுப்பிவிடுகிறோமே, அதுதான் ஆபத்து. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கருத்தைச் சுற்றித்தான்: "என் கணினியில் என்ன பைதான் இருக்கிறது" என்று கேட்காதீர்கள், "இந்த ஸ்கிரிப்ட்டுக்கு எந்தப் பைதான்" என்று கேளுங்கள், அந்த விடையை ஸ்கிரிப்ட்டின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். "பை" என்றால் பி, ஒய் இரண்டெழுத்து. "வென்வ்" என்றால் வி, இ, என், வி நான்கெழுத்து. "-எம்" என்றால் கழித்தல் குறியும் எம் என்ற எழுத்தும். எண், புள்ளி, சாய்கோடு எல்லாம் பார்க்கிறபடியே.

ஏன் ஒன்று போதாது

பைதான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்தது, கடைசிப் பதிப்பு 2.7.18 அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. அதோடு சண்டை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள், தீரவில்லை. 3.9-க்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு புதுப் பதிப்பு அக்டோபரில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. ஒவ்வொன்றும் பழையது எதையாவது கழற்றிவிடுகிறது. 3.7-இல் "அசிங்க்" என்பது ஒதுக்கப்பட்ட சொல் ஆனது, அதைச் சாதாரணப் பெயராக வைத்திருந்த நூலகங்கள் (பிறர் எழுதித் தரும் ஆயத்த நிரல்கள்) எல்லாம் உடைந்தன. 3.10-இல் "கலெக்‌ஷன்ஸ்" தொகுதியில் நேரடியாகக் கிடைத்துவந்த "மேப்பிங்" போன்ற பெயர்கள் போயின. 3.12-இல் "டிஸ்ட்யூட்டில்ஸ்" முழுதாகப் போனது, பழைய நூலகங்கள் பல நிறுவும்போதே விழுவதற்கு இதுதான் காரணம். 3.13-இல் "சிஜிஐ", "டெல்நெட்லிப்" உட்படப் பத்தொன்பது தொகுதிகள் ஒரே அடியாக நீங்கின. இன்னொரு பக்கம், விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கணினியில் 3.8-க்கு மேல் ஏறவே முடியாது.

ஆக, ஒரு பழைய அறிக்கை ஸ்கிரிப்ட் 3.9 கேட்கும், நேற்று எழுதியது 3.12 கேட்கும், எங்கிருந்தோ வந்த ஒன்று 2.7 கேட்கும். மூன்றையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று முட்டாது. பைதான் உள்ளே உருவாக்கிவைக்கும் தற்காலிகக் கோப்புகள்கூட 3.2-இலிருந்து பதிப்பு எண்ணோடுதான் சேமிக்கப்படுகின்றன. முட்டுவது எல்லாம் "பைதான்" என்ற ஒற்றைப் பெயரில்தான்: அந்தப் பெயரைத் தட்டினால் எது எழுந்து வரும் என்பதில்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

லினக்ஸ், மேக் என்றால் டெர்மினலில் இதைத் தட்டுங்கள்:

விச் -ஏ பைதான்3

பாத் எனப்படும் தேடும் வரிசையில் எங்கெல்லாம் பைதான்3 இருக்கிறதோ அத்தனையும் வரிசையாக வரும். முதலில் வருவதுதான் உங்களுக்குக் கிடைப்பது. விண்டோஸில் "வேர் பைதான்" என்று கமாண்ட் ப்ராம்ப்ட்டில் தட்டினால் இதே வேலை நடக்கும். அங்கே "விண்டோஸ்ஆப்ஸ்" என்ற கோப்புறையில் ஒரு பைதான் இருப்பதாகக் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நீங்கள் பைதானை நிறுவியிருக்காவிட்டால் அது அந்த ஸ்டோரைத் திறக்கும் வெறும் குறுக்குவழி. செட்டிங்ஸில் ஆப் எக்சிக்யூஷன் அலையஸ் என்று தேடி அதை அணைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

விண்டோஸில் இன்னொரு கட்டளை இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன்:

பை -0

இது பூஜ்யம், எழுத்து அல்ல. நிறுவியிருக்கும் பதிப்புகள் எல்லாம் பட்டியலாக வரும், நட்சத்திரக் குறி இருப்பது இயல்பாக ஓடுவது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது ஸ்கிரிப்ட்டையே கேட்பது. "சிஸ்" தொகுதியை இறக்குமதி செய்து "சிஸ்.எக்சிக்யூட்டபிள்", "சிஸ்.வெர்ஷன்" இரண்டையும் அச்சிடும் வரிகளைத் தலையில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதலாவது எந்தக் கோப்புறையில் இருக்கும் பைதான் ஓடுகிறது என்று முழுப் பாதையோடு சொல்லும். உதவி கேட்டு வரும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பல நேரம் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பைதான் வேறு, ஓடிக்கொண்டிருக்கும் பைதான் வேறு.

கணினியின் சொந்தப் பைதானைத் தொடாதீர்கள்

இதை ஒரு படியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. உபுண்டு 20.04-இல் 3.8, 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12, டெபியன் 12-இல் 3.11 என்று ஒவ்வொரு லினக்ஸும் தனக்கென ஒரு பைதானோடு வருகிறது. அது நமக்காக வைத்தது அல்ல, கணினியின் சொந்தக் கருவிகளுக்காக வைத்தது. "பைதான்3" என்ற பெயரைப் புதுப் பதிப்புக்குத் திருப்பிவிட்டால் க்னோம் டெர்மினல் திறக்காமல் போகலாம், மென்பொருள் நிறுவ உதவும் ஆப்ட் தொடர்பான சில கருவிகள் விழும். நானும் ஒருமுறை இதைச் செய்துவிட்டு, டெர்மினல் திறக்காமல், வேறு வழியில் உள்ளே போய்த்தான் பழைய இணைப்பைத் திரும்ப வைத்தேன். "அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்" வைத்து பைதான்3-ஐ மாற்றச் சொல்லும் குறிப்புகள் இன்னும் எங்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பின்பற்றாதீர்கள். மூல நிரலிலிருந்து நீங்களே கட்டினால் கடைசியில் "மேக் இன்ஸ்டால்" வேண்டாம், "மேக் ஆல்ட்இன்ஸ்டால்" போடுங்கள் (இந்த மேக் கணினி அல்ல, எம், ஏ, கே, இ என்ற கட்டளை). அது பைதான்3.9 என்று எண்ணோடு மட்டும் நிறுவும், பொதுப் பெயரைப் பிடுங்காது.

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் கணினியின் பைதானில் பிப் (நூலகங்களை நிறுவும் கருவி) மூலம் எதையாவது நிறுவப் போனால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிடும். அதை மீறுவதற்கான தெரிவின் பெயரே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்". அந்தப் பெயரை அப்படியே நம்புங்கள்.

பதிப்புகளை நிறுவுவது

விண்டோஸ்: பைதான்.ஆர்க் தளத்திலிருந்து வேண்டிய பதிப்புகளின் நிறுவிகளைத் தனித்தனியாக இறக்கி நிறுவலாம். பைதான்39, பைதான்312 என்று வேறு வேறு கோப்புறையில் உட்காரும். பாத்-இல் சேர்க்கவா என்ற பெட்டியை ஒன்றுக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள், அல்லது எதற்கும் வேண்டாம். பை கட்டளைக்கு அது தேவையே இல்லை. இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு: ஒரு பதிப்பு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறும் நிலைக்குப் போனதும் அதற்கு விண்டோஸ் நிறுவி வெளியிடுவதை நிறுத்திவிடுவார்கள், மூல நிரல் மட்டும்தான் வரும். அதனால் 3.8 வேண்டுமானால் 3.8.10, 3.9 வேண்டுமானால் 3.9.13, 3.10-க்கு 3.10.11, 3.11-க்கு 3.11.9 என்ற பக்கங்களுக்குப் போங்கள், அவைதான் நிறுவி இருக்கும் கடைசிப் பதிப்புகள். 2025-இல் வந்த புதிய பைதான் இன்ஸ்டால் மேனேஜரைப் போட்டிருந்தால் "பை இன்ஸ்டால் 3.13" என்று தட்டினாலே போதும், அதுவே இறக்கிக்கொள்ளும்.

நிறுவிய பிறகு ஓட்டுவது எளிது:

பை -3.9 அறிக்கை.பை
பை -3.12 அறிக்கை.பை

ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு பதிப்பு, அடுத்தடுத்த வரி.

உபுண்டு: "டெட்ஸ்நேக்ஸ்" என்ற பெயரில் ஒரு பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியார் தரும் மென்பொருள்) களஞ்சியம் இருக்கிறது, கணினியில் இல்லாத பழைய, புதிய பதிப்புகளைத் தனிப் பெயரில் தரும். பைதான்3.9 தொகுப்போடு பைதான்3.9-வென்வ் என்ற தொகுப்பையும் சேர்த்து நிறுவுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

மேக், அல்லது எந்த லினக்ஸும்: "பைஎன்வ்" பழகிய, நம்பகமான கருவி. "பைஎன்வ் இன்ஸ்டால் 3.9" என்றால் அந்தப் பதிப்பின் மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டும். கட்டுகிறது என்பதால் சி கம்பைலர், ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப் போன்றவற்றின் மேம்பாட்டுத் தொகுப்புகள் முன்பே இருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லாமல் ஒரு பைதானைக் கட்டி வைத்தால் அது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பிப் இணையத்தோடு பேச முடியாமல் திணறும். கட்டி முடித்ததும் "எஸ்எஸ்எல்" தொகுதியை இறக்குமதி செய்து பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

கட்டுவதற்கெல்லாம் பொறுமை இல்லை என்றால் "யூவி". ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட, ரஸ்ட் மொழியில் எழுதிய கருவி. முன்பே கட்டி வைத்த பைதானை இறக்குவதால் சில நொடிகளில் முடிந்துவிடும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கட்டளை ஒன்றுதான்:

யூவி பைதான் இன்ஸ்டால் 3.9
யூவி ரன் --பைதான் 3.9 அறிக்கை.பை

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். 2.7-க்கு மட்டும் இது உதவாது.

2.7 என்றால்? உபுண்டு 24.04-இலும் டெபியன் 12-இலும் அதன் தொகுப்பே கிடையாது. விண்டோஸுக்கு 2.7.18 நிறுவி இன்னும் தளத்தில் இருக்கிறது. லினக்ஸில் டாக்கர் (மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் கருவி) இருந்தால் "பைதான்:2.7" என்ற படிமத்துக்குள் வைத்து ஓட்டுவதே சிறந்தது, ஆதரவு முடிந்த ஒன்று தன் கூண்டுக்குள்ளேயே இருக்கும். அதற்கு நூலகங்கள் நிறுவ வேண்டி வந்தால் 2.7-ஐ ஆதரித்த கடைசி பிப் 20.3.4 என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வென்வ்

பதிப்பு மட்டும் போதாது, நூலகங்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு பைதானையும் அதற்கான நூலகங்களையும் தனியாக வைத்திருக்கும் கோப்புறைதான் வென்வ். ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறைக்குள் போய், விண்டோஸில்:

பை -3.9 -எம் வென்வ் .வென்வ்

லினக்ஸ், மேக்கில்:

பைதான்3.9 -எம் வென்வ் .வென்வ்

எந்தப் பைதானால் உருவாக்குகிறீர்களோ அந்தப் பதிப்புதான் அந்த வென்வுக்குக் கடைசி வரை. பின்னால் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள், அதில் தயக்கமே வேண்டாம், வென்வ் என்பது எப்போது வேண்டுமானாலும் தூக்கிப்போடக்கூடிய பொருள். அதே போல அதை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள், உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். அதனால் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது நூலகப் பட்டியல்தான்: "பிப் ஃப்ரீஸ்" தரும் பட்டியலை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் சேமித்து, அதன் முதல் வரியில் ஒரு குறிப்பாகப் பைதான் பதிப்பையும் எழுதிவிடுங்கள்.

வென்வை ஆக்டிவேட் செய்யச் சொல்லி, அதாவது அந்த டெர்மினலில் அதையே இயல்பான பைதானாக்கச் சொல்லி, எல்லாரும் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அவசியம் இல்லை, நான் செய்வதை விட்டே பல காலம் ஆகிறது. வென்வுக்குள் இருக்கும் பைதானை நேராக அழைத்தாலே அது தன் நூலகங்களைக் கண்டுபிடித்துக்கொள்ளும். லினக்ஸ், மேக்கில் ".வென்வ்/பின்/பைதான் அறிக்கை.பை", விண்டோஸில் ".வென்வ்" கோப்புறைக்குள் "ஸ்கிரிப்ட்ஸ்" கோப்புறையில் இருக்கும் பைதான். எந்த டெர்மினலில் எது ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம், பவர்ஷெல் ஸ்கிரிப்ட்களை ஓட்ட மறுக்கும் தொல்லையும் இல்லை.

நூலகம் நிறுவும்போதும் வெறும் "பிப்" என்று தட்டாதீர்கள். அது எந்தப் பைதானின் பிப் என்று அந்தப் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பைதானை முன்னால் வைத்து அழையுங்கள்:

.வென்வ்/பின்/பைதான் -எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்

இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நம்பை போன்ற, சி நிரல் கலந்த நூலகங்கள் பதிப்புக்குப் பதிப்பு தனியாகக் கட்டப்படுபவை, இறங்கும் கோப்பின் பெயரிலேயே சிபி39, சிபி312 என்று இருக்கும். ஒன்றை இன்னொன்றின் கோப்புறைக்கு நகலெடுத்தால் ஓடாது.

பதிப்பை ஸ்கிரிப்ட்டோடு கட்டிப்போடுவது

இதுவரை செய்ததெல்லாம் உங்கள் நினைவில் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து இருக்காது. அதனால் எழுதி வையுங்கள். மூன்று இடம் உண்டு.

பழைய வழி, ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ஷெபாங், அதாவது எதை வைத்து ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரி:

#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைதான்3.9

லினக்ஸிலும் மேக்கிலும் இது நேராக வேலை செய்யும். விண்டோஸில் பை கட்டளை இந்த வரியைப் படித்து அதற்கேற்ற பதிப்பை எடுக்கும், இது பலருக்குத் தெரியாது. விண்டோஸில் திருத்திய கோப்பை லினக்ஸில் ஓட்டும்போது "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வந்தால் பைதானைச் சந்தேகிக்க வேண்டாம், வரி முடிவில் விண்டோஸ் ஒட்டிவிட்ட ஒரு மறைவான குறி அது. எடிட்டரில் வரி முடிவை எல்எஃப் என்று மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது, கோப்புறைக்குள் ".பைதான்-வெர்ஷன்" என்ற கோப்பு. அதில் 3.9 என்று ஒரே வரி. "பைஎன்வ் லோக்கல் 3.9" தட்டினால் அதுவே உருவாக்கும், யூவியும் அதே கோப்பை மதிக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே, குறிப்பு வரிகளாக, இந்தப் பதிப்பு வேண்டும், இந்த நூலகங்கள் வேண்டும் என்று எழுதும் முறை. பெப் 723 என்ற முன்மொழிவு இதைத் தரப்படுத்தியது. தொடக்கமாக "# /// ஸ்கிரிப்ட்" என்று ஒரு வரி, அடுத்து "# ரிக்வயர்ஸ்-பைதான்" என்று பதிப்பு, "# டிபெண்டன்சிஸ்" என்று நூலகங்கள், முடிவாக "# ///". அதன் பிறகு "யூவி ரன் அறிக்கை.பை" என்றால் யூவி அதைப் படித்து, இல்லாத பைதானை இறக்கி, நூலகங்களைத் தனியிடத்தில் வைத்து ஓட்டிவிடும். ஒற்றைக் கோப்பை நண்பருக்கு அனுப்பினாலும் தகவல் கூடவே போகும்.

தானாக ஓடும் இடங்கள்

கையால் ஓட்டினால் நன்றாக ஓடும் ஸ்கிரிப்ட் க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் லினக்ஸ், மேக் கருவி) போட்டதும் விழுந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றே. க்ரானுக்கு உங்கள் டெர்மினலின் பாத் தெரியாது, பைஎன்வ் தெரியாது, ஆக்டிவேட் செய்தது எதுவும் தெரியாது. அங்கே எப்போதும் வென்வுக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதை, ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதை, இரண்டையும் எழுதுங்கள். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலும் அப்படியே.

இன்னொரு மறைவான இடம்: ஒரு பைதான் ஸ்கிரிப்ட் இன்னொன்றைச் "சப்ப்ராசஸ்" வழியாக அழைப்பது. அங்கே "பைதான்" என்று பெயரை எழுதினால் பாத்-இல் முதலில் கிடைப்பது ஓடும், அது வேறு பதிப்பாக இருக்கலாம். அதே பதிப்பில் ஓட வேண்டுமானால் "சிஸ்.எக்சிக்யூட்டபிள்" கொடுங்கள். வேண்டுமென்றே வேறு பதிப்பில் ஓட வேண்டுமானால் அதன் முழுப் பாதை.

அப்படி இரண்டு பதிப்புகள் பேசிக்கொள்ளும்போது இடையில் போகும் தரவை ஜேசன் அல்லது சிஎஸ்வி கோப்பாக, யூடிஎஃப்-8-இல் வையுங்கள். பைதானின் சொந்தச் சேமிப்பு வடிவமான பிக்கிள் வேண்டாம். 2.7-க்கு அதன் இரண்டாவது வடிவம் வரைதான் படிக்கத் தெரியும், 3.8 இயல்பாக எழுதுவது நான்காவது. தமிழ் உரை இருக்கும் கோப்புகளைத் திறக்கும்போது, குறிப்பாக விண்டோஸில், என்கோடிங் யூடிஎஃப்-8 என்று ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

நோட், ரூபி போன்றவற்றிலும் இதே வழிதான். நோடுக்கு "என்விஎம்", ரூபிக்கு "ஆர்பிஎன்வ்", பல மொழிகளை ஒன்றாகக் கவனிக்க "மீஸ்".

பழையதிலிருந்து புதியதற்கு மாறும்போது

இரண்டு பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதன் உண்மையான பயன் இங்கேதான். 3.9 வென்வை அழிக்காமல் பக்கத்தில் 3.12-க்கு இன்னொரு வென்வ் உருவாக்குங்கள். அதே உள்ளீட்டை இரண்டிலும் ஓட்டி, வெளியீட்டை இரண்டு கோப்புகளில் சேமித்து, இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் "டிஃப்" போட்டுப் பாருங்கள். ஒரு வரி மாறினாலும் ஏன் என்று கண்டுபிடிக்கும் வரை பழையதை விடாதீர்கள். 2.7-இலிருந்து வருவதென்றால் எழுத்து எண்ணிக்கை, வகுத்தல் இரண்டையும் முதலில் பாருங்கள். தமிழ் உரையை எண்ணும் ஸ்கிரிப்ட் என்றால் 15-உம் 5-உம் இரண்டுமே நீங்கள் தேடியது அல்ல, மேலே நிறுவிய ஓப்பன்-தமிழ் நூலகத்தில் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் "கெட்_லெட்டர்ஸ்" இருக்கிறது, அதன் விடை 3.

சில வாரங்கள் இரண்டும் ஒரே விடை தருகின்றன என்றால், க்ரான் பட்டியலிலும் ஷெட்யூலரிலும் பழைய பாதை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை என்று உறுதியானதும் பழைய வென்வை அழியுங்கள், அந்தப் பதிப்பை வேறெந்த ஸ்கிரிப்ட்டும் கேட்கவில்லை என்றால் அதையும் கணினியிலிருந்து நீக்கிவிடலாம்.